‘ஆல்தோ’ வந்தால் ‘பட்’ வராது: திருச்சியில் ஓர் இலக்கண வகுப்பு

எட்டு ஞாயிறு, காலை 10 முதல் 1 வரை, கட்டணம் 1,500 ரூபாய். திருச்சியில், ஒரு மாடியில் நடக்கும் இங்கிலீஷ் இலக்கண வகுப்பு. குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் வகுப்பின் பெயர் போடவில்லை.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். பி.காம். முடித்து, உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே வங்கி கிளார்க் தேர்வுக்குப் படிக்கிறேன். அதன் முதல் கட்டமான பிரிலிம்ஸில் இங்கிலீஷுக்கு 30 கேள்வி, 20 நிமிடம். ஒவ்வொரு தப்புக்கும் கால் மார்க் போகும். வாக்கியத்தில் தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லும் எரர் ஸ்பாட்டிங்கில் ஜோடியாக வரும் இணைப்புச் சொற்களைக் கண்டாலே எனக்குக் கை நின்றுவிடும். மூன்றாவது ஞாயிறு முழுக்க அதுதான் பாடம். அந்த மூன்று மணி நேரத்துக்கே 1,500 தரலாம்.

சார் முதலில் பலகையில் எழுதியது தமிழ் வாக்கியம்: ‘மழை பெய்தாலும் அவன் போனான்.’ “முரண் எங்க இருக்கு?” என்றார். ‘பெய்தாலும்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. “அங்கயே சொல்லியாச்சே, அப்புறம் எதுக்கு இன்னொரு ‘ஆனால்’?” அதனால்தான் ‘ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் ஹி வென்ட்’ தப்பு. நடுவில் கமா போதும். ஜோடி வேண்டுமென்றால் ‘யெட்’ போடலாம். பத்து வருடமாக நான் ‘பட்’ போட்டு எழுதிக்கொண்டிருந்தேன், யாரும் காரணம் சொன்னதில்லை.

‘நைதர்… நார்’ இதற்கு நேர்மாறு. ‘ராமுவும் வரவில்லை, சீதாவும் வரவில்லை’ என்று நாம் வினையில் இல்லை என்கிறோம். இங்கிலீஷில் அந்த ‘இல்லை’ ஜோடிக்குள்ளேயே போய்விடுகிறது, வினை சும்மா ‘கேம்’ என்று நிற்கும். அங்கே ‘டிட் நாட்’ சேர்த்தால் தப்பு.

‘நாட் ஒன்லி… பட் ஆல்சோ’வுக்கு அவர் கேட்ட கேள்வியை மறக்கவே மாட்டேன். “பணத்தை மட்டுமல்ல, பையையும் தொலைச்சான். இதுல ‘மட்டும்’ எதோட ஒட்டியிருக்கு? பணத்தோடயா, தொலைச்சதோடயா?” பணத்தோடு என்றோம். அப்படியென்றால் ‘ஹி நாட் ஒன்லி லாஸ்ட் ஹிஸ் மணி பட் ஆல்சோ ஹிஸ் பேக்’ என்பதில் ‘நாட் ஒன்லி’ இடம் மாறி நிற்கிறது; அது ‘லாஸ்ட்’டுக்குப் பின்னால், ‘ஹிஸ் மணி’க்கு முன்னால் வர வேண்டும். இப்போது கடையில் சும்மா இருக்கும்போதுகூட மனசு ‘மட்டும்’ ஒட்டும் இடத்தைத் தேடுகிறது.

‘நாட்… பட்’ கொஞ்ச நேரம்தான். ‘அவர் டாக்டர் இல்லை, நர்ஸ்’ என்று தமிழில் சொல்லும்போது ‘ஆனால்’ கிடையாது, இங்கிலீஷில் ‘பட்’ கட்டாயம் என்று காட்டிவிட்டுப் போய்விட்டார்.

இனி குறைகள். இரண்டு எழுவாயில் வினைக்குக் கிட்ட இருப்பதைப் பார்த்து வினை மாறும் விதியை (‘நைதர் த மேனேஜர் நார் த கிளார்க்ஸ் வேர்’) கடைசி பத்து நிமிடத்தில் ஓட்டிவிட்டார். தேர்வில் அடிக்கடி கேட்பது அதைத்தான். கூடப் படிக்கும் அக்காதான் பஸ் ஸ்டாப்பில் நின்று எனக்குப் புரியவைத்தார். 45 பேருக்கு மைக் இல்லை, கடைசி பெஞ்சில் பாதி கேட்காது. மாதிரித் தேர்வுத் தாளுக்கு விடை மட்டும் வாசிக்கிறார்கள், தனித்தனியாகத் திருத்துவதில்லை. எனக்குக் கிடைத்த ஜெராக்ஸ் நோட்ஸில் இரண்டு பக்கம் மங்கல்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் தயங்காமல் சேருங்கள். ஒன்பதரைக்கே போய் முன் பெஞ்சில் இடம் பிடியுங்கள், நோட்ஸை வாங்கும்போதே புரட்டிப் பாருங்கள். ஏற்கெனவே விதிகள் தெரிந்து, வேகத்துக்கு மட்டும் பயிற்சி தேடுகிறவர்களுக்கு இது சரிவராது.