சீகேஷ்: ராத்திரி பில்டுக்கு 6 மாசமா ஓட விட்டு பாத்ததுல

எல்எல்விஎம் (கம்பைலர், அதாவது நாம எழுதுற கோட மெஷினுக்கு புரியுற மாதிரி மாத்துற ப்ரோகிராம், அத செய்ய உதவுற பெரிய ப்ராஜெக்ட்) கோட்ல, ப்ராசஸருக்கு ஏத்த மெஷின் கோட உண்டாக்குற பேக்எண்ட் பகுதில வேலை பாக்குறேன். என்கிட்ட இருக்கறது 4 கோர், 16 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப். ராத்திரி 11 மணிக்கு க்ரான்ல (நேரம் வச்சு தானா ஓட்டுற வசதி) ஒரு ஸ்க்ரிப்ட் ஓடும், ஃபோல்டர சுத்தமா அழிச்சிட்டு டீபக் (தப்பு தேட உதவுற தகவலோட) ஒண்ணு ரிலீஸ் ஒண்ணுன்னு ரெண்டு பில்டு, அதாவது மொத்த கோடையும் கம்பைல் பண்ணி சேத்து, டெஸ்ட்ட ஓட்டி, முடிஞ்சதும் ரிசல்ட்ட மெயில் அனுப்பும். பழைய ஃபோல்டர்லயே போட்டா சீக்கிரம் முடியும்தான், ஆனா விட்டுப்போன டிபென்டென்சி எல்லாம் அதுல மறைஞ்சிரும், அதனால தினமும் சுத்தமா போடுறது எனக்கு முக்கியம். காலைல வந்து உக்காந்தா பில்டே முடிஞ்சிருக்காது, அப்புறம் டெஸ்ட் எங்க.

புது மெஷின் வாங்கலாம்னு விலை பாத்துட்டு இருந்தப்ப தான் சீகேஷ் (ccache) போட்டேன். சாம்பான்னு ஃபைல் ஷேரிங் சாஃப்ட்வேர் எழுதின ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 2002ல ஆரம்பிச்சது, இப்ப வரைக்கும் இலவசம். கம்பைலருக்கு முன்னாடி நின்னுட்டு, இதே சோர்ஸ் இதே ஆப்ஷன் முன்னாடி வந்திருக்கான்னு ஹாஷ் (உள்ளடக்கத்துல இருந்து கணக்கு போட்ட ஒரு அடையாள எண்) வச்சு பாக்கும், வந்திருந்தா சேத்து வச்ச ஆப்ஜெக்ட் ஃபைல (கம்பைல் ஆன ரிசல்ட்) அப்படியே எடுத்து குடுத்துரும். எல்எல்விஎம்மோட சிமேக்லயே (பில்டு செட்டிங் வைக்கிற டூல்) இதுக்கு ஆப்ஷன் இருக்கு, ஒரு வரி தான்.

முதல் நாள் ராத்திரி வழக்கத்த விட கொஞ்சம் அதிகமா தான் நேரம் ஆச்சு, காலியா இருக்குற கேஷ் நிறையணும்ல, அது சரி. ஆனா ரெண்டாம் நாளும் அதே கதை! ஸ்டாட்ஸ் எடுத்து பாத்தா ஹிட் (கேஷ்லயே கிடைச்சது) கிட்டத்தட்ட எதுவுமே இல்ல. தேடி பாத்தா என் ஸ்க்ரிப்ட் தேதி பேர்ல தினமும் புது ஃபோல்டர் போடுது, டீபக் தகவலோட கம்பைல் பண்ணும்போது அந்த ஃபோல்டர் பாதையும் ஹாஷ்குள்ள போகும், அப்ப தினமும் எல்லாமே அதுக்கு புதுசு தான். பேஸ் டைரக்டரி செட்டிங்கோட இன்னொண்ணையும் மாத்தினா சமாளிக்கலாம், ஆனா டீபக்கர்ல பாத குழம்ப வாய்ப்பிருக்கு, அதனால நான் தினமும் ஒரே பேர்ல அழிச்சு அழிச்சு போடுறேன். டிஃபால்ட் சைஸ் 5 ஜிபி தான், ரெண்டு பில்டுக்கு அது பத்தவே பத்தாது, ஒண்ணு உள்ள வர வர இன்னொண்ணு வெளிய போயிரும். 40 ஜிபி ஆக்கினேன். அன்னைக்கு ராத்திரி கேஷ் நிறைஞ்சுச்சு, அடுத்த நாள் ராத்திரி ஒரு மணிக்கே மெயில் வந்துச்சு, பில்டு டெஸ்ட் ரெண்டும் முடிஞ்சு. எந்திரிச்சு உக்காந்து லாக்க முழுசா படிச்சேன், அவ்ளோ சந்தோஷம்.

குறைன்னா, லிங்க் பண்றத (ஆப்ஜெக்ட் ஃபைல்கள ஒண்ணா சேத்து ப்ரோகிராம் ஆக்குறத) இது தொடவே தொடாது. டீபக் பில்டுல நாலு லிங்க் ஒண்ணா ஓடினா 16 ஜிபி ராம் பத்தாம ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கெர்னல் அதுல ஒண்ண நிறுத்திரும், நமக்கு என்னவோ கோட்ல எரர் மாதிரி தெரியும். அதுக்கு எல்எல்விஎம்ல பேரலல் லிங்க் ஜாப்ஸ்னு தனியா இருக்கு, அத 1 வச்சு லிங்கர எல்எல்டிக்கு (எல்எல்விஎம்மோட சொந்த லிங்கர்) மாத்தினேன், அதுக்கப்புறம் பிரச்சனை இல்ல. டெஸ்ட் ஓடுற நேரமும் இதால குறையாது. நிறைய சோர்ஸ் ஃபைல் இன்க்லூட் பண்ற ஹெடர் ஃபைல் ஒண்ணு மாறினா கேஷ் வேலைக்கு ஆகாது, அதனால அப்ஸ்ட்ரீம் கோட (மெயின் ப்ராஜெக்ட்டோட புது கோட) சனிக்கிழம மட்டும் தான் இழுக்குறேன், அன்னைக்கு மட்டும் விடிய விடிய ஓடும். கம்பைலரையே நீங்க பில்டு பண்ணி போடுற ஆளா இருந்தா சீகேஷோட கம்பைலர் செக் செட்டிங்க கன்டென்ட்னு (ஃபைலோட உள்ளடக்கத்த பாக்குற மாதிரி) மாத்திருங்க, இல்லன்னா ஃபைலோட நேரம் மாறினதுக்கே எல்லாத்தையும் மறுபடி கம்பைல் பண்ணும்.

சி, சி++ல பெரிய பில்டு வச்சிருக்கவங்க மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி கண்டிப்பா இத ஒரு வாரம் போட்டு பாருங்க, நான் 5க்கு 4.5 குடுப்பேன். ஸ்க்ரிப்ட் ஆரம்பத்துல ஸ்டாட்ஸ ஸீரோ பண்ணிட்டு கடைசில ஹிட் ரேட்ட லாக்ல எழுத வச்சிருங்க, என்னைக்காவது அது டப்புனு விழுந்தா எங்கயோ ஏதோ மாறிருக்குன்னு அன்னைக்கே தெரிஞ்சிரும்.