பேஸ்பாலில் ஒரே பருவத்தில் ஹோம் ரன் அடித்ததில் எது பெரிது: 1920 ரூத்தா, 2001 பாண்ட்ஸா?
எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பேரி பாண்ட்ஸ்தான். 2001-ல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்காக 73 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி). அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கு இன்றுவரை அதுவே சாதனை. அடிக்க வாகாகப் பந்து வீசவே பயந்து, 177 முறை அவரைச் சும்மா முதல் தளத்துக்கு நடக்கவிட்டார்கள். மட்டையின் பிடியைச் சற்று மேலே தள்ளிப் பிடித்து, கிடைத்த நல்ல பந்தை வெளுத்தார். ஆனால் அதே ஆண்டு சாமி சோசாவும் 64 அடித்தார். அப்புறம் பாண்ட்ஸ் மேல் ஊக்கமருந்து சர்ச்சை வேறு.

எனக்குப் பேப் ரூத்தின் 1920 தான் பெரிது. நியூயார்க் யாங்கீஸ் அணியில் அவருக்கு முதல் பருவம். 54 ஹோம் ரன். அவர் ஆடிய அமெரிக்கன் லீகில் (மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) அடுத்து வந்த ஜார்ஜ் சிஸ்லர் அடித்தது 19! அந்த லீகின் மற்ற எந்த அணியும் மொத்தமாகச் சேர்த்துக்கூட 54-ஐத் தொடவில்லை. யாங்கீஸ் அப்போது ஆடிய போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தின் வலப்பக்க வேலி கிட்டத்தில் இருந்தது உதவியது, சரி. கறுப்பின வீரர்களை லீகில் சேர்க்காத காலம் அது என்பதையும் மறக்கக் கூடாது.