துத்தநாகமா, இரும்பா, பீங்கானா? ஜெர்மன் நகரக் காசுகள்

முதல் உலகப்போரில் செம்பும் நிக்கலும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கே போய்விட, ஜெர்மனியில் சில்லறைக்குத் திண்டாட்டம். அரசே இரும்பிலும் துத்தநாகத்திலும் காசு அடித்தது, அதுவும் போதவில்லை. நகராட்சிகள் சொந்தமாக அடித்துக்கொண்டன. இந்த ‘நோட்கெல்ட்’ (நெருக்கடிக் காலப் பணம்) காசுகளைச் சேர்க்க ஆசைப்படுகிறவர் எந்த ஊர்க் காசு என்று யோசிப்பதற்கு முன், எதனால் ஆன காசு என்று யோசிப்பது நல்லது.

ஊர்கள் நிறைய வேண்டுமென்றால் துத்தநாகம்தான். 1917 என்று ஆண்டு போட்ட 5, 10, 50 ஃபெனிக் (மார்க்கில் நூறில் ஒரு பங்கு) காசுகள் ஏராளம். வட்டமும் உண்டு, எண்கோணமும் உண்டு. விலையும் கையைக் கடிக்காது. ஆனால் சீக்கிரம் கெடுகிற உலோகம் இது. ஈரக்காற்று பட்டால் வெள்ளையாக மாவு பூக்கும். அதைத் தேய்த்து எடுத்தால் அடியில் குழி விழுந்திருக்கும், ஊர் முத்திரையில் பாதி காணாமல் போயிருக்கும். படத்தில் ‘பளபளப்பாக’ இருக்கிற துத்தநாகக் காசு என்றால் எனக்குச் சந்தேகம்தான். பெரும்பாலும் யாரோ தேய்த்திருப்பார்கள்.

இரும்பு துருப்பிடிக்கும், சரி. ஆனால் பல இரும்புக் காசுகளுக்கு மேலே துத்தநாகப் பூச்சு உண்டு. பான் நகரம் 1920இல் இசையமைப்பாளர் பேத்தோவனின் 150ஆம் பிறந்தநாள் ஆண்டுக்கு வெளியிட்ட காசை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: அதிலுள்ள அவர் உருவத்தில் தலைமுடியின் மேடான இடங்களிலும் விளிம்பிலும் பூச்சு தேய்ந்திருந்தால் அங்கேதான் செம்பழுப்புப் புள்ளி முதலில் தலைகாட்டும். முகம் சுத்தமாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஆஹன் நகரம் வட்டார வழக்கிலேயே ‘ஓஹர் குரோஷ’ (ஆஹன் காசு) என்று பொறித்த 1920ஆம் ஆண்டுக் காசும் இரும்புதான். என் ஓட்டு இரும்புக்கே.

பீங்கான்? மைசென் ஆலையில் செய்த பழுப்பு நிறக் காசுகள், ஆலையின் குறுக்குவாள் முத்திரையோடு அழகுதான். துருவும் இல்லை, பூப்பதும் இல்லை. சாக்சனி மாநிலத்துக்காக 1920–21இல் வந்தவை இவை. ஆனால் புழங்கியது கொஞ்சம், சேகரிப்போர் கைக்குப் போனதே அதிகம். உண்மையிலேயே கைமாறிப் புழங்கிய சில்லறை வேண்டுபவருக்கு இது வேறு கதை.

எதை வாங்கினாலும் சின்னக் காந்தம் ஒன்று கையில் இருக்கட்டும். பூச்சுள்ள இரும்பும் துத்தநாகமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். காந்தம் இரும்பைத்தான் இழுக்கும். விற்பவர் ஃபுங்க் பட்டியல் (இந்தக் காசுகளை வரிசைப்படுத்திய நூல்) எண் சொன்னால் அதில் எந்த உலோகம் என்று ஒத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள்.