ஆரஞ்சு மணக்கிற தேயிலை என்றால் நம்பி வாங்காதீர்கள்

வண்டிப்பெரியாறில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அம்மா, அத்தை இரண்டு பேரும் கொழுந்து கிள்ளியவர்கள். அப்படிப்பட்ட எனக்கே சாயம் போட்ட தேயிலையை விற்றுவிட்டார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. சீசனில் மூணாறு, குமுளி பக்கம் வருகிறவர்கள் உஷாராக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் மூணாறில் ஒரு கல்யாணம். குமுளி திரும்பும் வழியில் ஒரு ஏலக்காய், மிளகுக் கடையில் வண்டியை நிறுத்தினோம். கண்ணாடி ஜாடியில் கருகருவென்று நீள நீளமாகத் தேயிலை. "கொழுக்குமலை லீஃப் டீ அண்ணா, ஆரஞ்சு பீக்கோ. மோந்து பாருங்க, ஆரஞ்சு மணம் வரும்" என்றார் கடைக்காரர். நிஜமாகவே வந்தது. குடித்துப் பார்க்க ஒரு கப் கொடுத்தார். பால், சீனி, தட்டிப் போட்ட ஏலக்காய். அதில் வைக்கோலைப் போட்டுக் கொதிக்க வைத்திருந்தாலும் ருசியாகத்தான் இருந்திருக்கும். ஜாடியிலிருந்து அள்ளித் தரவில்லை, உள்ளே போய் ஒட்டிய பாக்கெட்டாக எடுத்து வந்தார். அதையும் நான் கவனிக்கவில்லை. கால் கிலோ 450 ரூபாய், நாலு பாக்கெட், 1,800.

வீட்டில் அத்தை பாக்கெட்டை முகர்ந்துவிட்டுச் சிரித்தார். "ஏன்டா, தேயிலைச் செடியில எப்படா ஆரஞ்சு காய்ச்சுது?"

ஆரஞ்சு பீக்கோ என்பது இலையின் தரத்துக்கு வைத்த பெயர். முறுக்கிய நீள இலைக்கு அந்தப் பெயர், அதுவே உடைந்த இலை என்றால் புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ. பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்படியானால் அந்த மணம் எசென்ஸ்தான். கொழுக்குமலை இலை என்று சொன்னதும் அப்படி ஒரு கதைதான். ஜீப் கேரளப் பக்கத்துச் சூரியநெல்லி வழியாக ஏறினாலும் அந்த மலை தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்தில், ஏழாயிரம் அடிக்கும் மேலே இருக்கிறது. நல்ல இலை விளைகிற இடம். இந்தப் பழியை அதன் தலையில் போட வேண்டாம்.

சரி, காசு கொடுத்தாயிற்று, போட்டுப் பார்ப்போம் என்று கொதித்த தண்ணீரை ஊற்றினேன். ஊற்றிய வேகத்திலேயே தண்ணீர் ரத்தச் சிவப்பு. நல்ல நீள இலை இப்படி அவசரப்படாது. டீக்கடையில் போடுகிற, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய சிடிசி தூள் குருணை குருணையாக இருக்கும், போட்டதும் சாறு இறங்கிவிடும். முழு இலையில் நிறம் நூல் நூலாக இறங்கும். 200 மில்லி தண்ணீருக்கு இரண்டு கிராம் போட்டு, மூடி வைத்து, மூன்று நான்கு நிமிடம் பொறுக்க வேண்டும். தூளைப் போல அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் கசந்து போகும். பதமாக இறக்கிய கட்டன், அதாவது பால் சேர்க்காத டீ, செம்பு நிறத்தில் பளிச்சென்று இருக்கும். மூணாறு இலையில் மால்ட் பிஸ்கட் மாதிரி ஒரு லேசான இனிப்பு வாசம் உண்டு. என் கப்பில் எசென்ஸ் வாசனை, நாக்கில் வெறும் தண்ணீர்.

அத்தை சக்கையைத் தட்டில் கொட்டி விரலால் பரப்பினார். முழு இலை என்றால் வெந்நீரில் முறுக்கு அவிழ்ந்து விரியும், ரம்பப் பல் ஓரம் தெரியும். இதில் காம்பும் கிழிசலும்தான். "ஏற்கெனவே ஒரு தடவை வெந்தது மாதிரி இருக்குடா" என்றார். டீ போட்ட சக்கையைக் காய வைத்துச் சாயம் ஏற்றி விற்பது பழைய திருட்டுதான். அப்புறம் ஒரு டிஷ்யூ பேப்பரை நனைத்து அதன்மேல் ஒரு சிட்டிகை தூவினேன். பச்சைத் தண்ணீரிலேயே இலையைச் சுற்றி ஆரஞ்சும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்தது. சுத்தமான தேயிலை பச்சைத் தண்ணீரில் அப்படிச் சாயம் விடாது. கடையிலேயே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்க்க விடமாட்டேன் என்றால் அங்கே வாங்காதீர்கள்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பேக் செய்த தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இல்லை. படத்தில் மட்டும் ஒரு பெண் கூடையோடு சிரிக்கிறாள்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. மூன்று பாக்கெட்டோடு போய் நின்றேன். கடைக்காரர் பில்லைக் கேட்டார். கொடுத்தேன். அதில் 'ஸ்பைசஸ் - 1,800' என்று கையால் எழுதியதோடு சரி, தேயிலை என்ற வார்த்தையே கிடையாது. "எல்லா டீயும் கலர் விடும் அண்ணா" என்றார். குரலை உயர்த்தியதும் நூறு கிராம் ஏலக்காயை நீட்டினார், பணம் மட்டும் வராது என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். பிரிக்காத ஒரு பாக்கெட்டை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுப்பதற்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

"ஏலக்காயையாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்ல" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார், "வேணாம் விடு. அதுக்கும் பச்சைக் கலர் போட்டிருப்பான்."