கரண்ட் எலிப்பொறிக்கு ஏஎம்சி போட்டிருக்கிறீர்களா? பெட்டியைத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

அரிசி, பருப்பு குடோன் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. பேட்டரி செல்லில் ஓடும், ஷாக் கொடுத்து எலியைக் கொல்லும் தானியங்கி எலிப்பொறிகளைப் பராமரிக்க ஒரு பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்திடம் வருட ஒப்பந்தம் (ஏஎம்சி) போட்டிருந்தோம். மாதாமாதம் ஆள் வந்து, பெட்டி மேல் தேதி ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்து வாங்கிப் போனதோடு சரி. கேட்டால் "பச்சை லைட் எரியுது சார், பொறி நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். மூட்டைகளில் ஓட்டை மட்டும் கூடிக்கொண்டே போனது. பெட்டிகளைத் திறந்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது.

முதலில் செல். இந்தப் பொறிக்கு நாலு அல்கலைன் செல் போட வேண்டும். பில்லில் அல்கலைன், உள்ளே இருந்ததோ டார்ச்சுக்குப் போடும் சாதா செல். விளக்கு எரியக் கொஞ்சம் கரண்ட் போதும், அதைச் சாதா செல்லே கொடுத்துவிடும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் உலோகத் தகடுகளை எலி மிதித்ததும் சர்க்யூட் 6 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்ற வேண்டும். அந்த இழுப்பில் சாதா செல் படுத்துவிடும். எலி சாகாது; ஷாக் வாங்கிக்கொண்டு ஓடிவிடும். அப்படித் தப்பிய எலி மறுபடி அந்தப் பெட்டிக்குள் லேசில் நுழையாது. அந்த உயிருக்கும் வீண் சித்திரவதை. ரீசார்ஜ் செல்லும் ஆகாது: ஒன்றுக்கு 1.2 வோல்ட், நாலும் சேர்ந்தே 4.8தான்.

அடுத்தது தகடு. கறையை எடுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். முலாம் போய்த் துரு ஏறிவிட்டது. துருவில் கரண்ட் சரியாகப் பாயாது. இரைக்கு மசால் வடையைப் பிய்த்து வைத்திருந்தார்கள். சாதா கம்பிப் பொறிக்கு அது சரி, இதற்கு வேண்டவே வேண்டாம். எண்ணெய் தகட்டில் படிந்து கரண்டைத் தடுக்கும். வேர்க்கடலை ஒன்றை உடைத்து, தகடுகளைத் தாண்டிப் பின்கோடியில் வைத்தால் போதும்.

தகடுகளுக்கு நடுவே உள்ள இடுக்கை அவர்கள் தொடவே இல்லை. எலி மூத்திரம் அங்கே உப்பாகக் காயும். மழைக்காலத்தில் அந்த உப்பு ஈரம் இழுத்தால் இரண்டு தகட்டுக்கும் கரண்ட் கசியும். எலி நிற்பதாகச் சர்க்யூட் நினைத்து வெறுமனே சுட்டுச் சுட்டு செல்லைத் தீர்த்துவிடும்.

சரியான முறை இதுதான். சுவிட்சை அணைத்து, செல்லைக் கழற்றி, சில நிமிடம் விடுங்கள். கையுறை போட்டு, செத்த எலியைப் பைக்குள் தட்டுங்கள். குப்பையை மென்மையான பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த துணியால் தகடு, இடுக்கு இரண்டையும் துடையுங்கள். போகாத கறையைப் பென்சில் ரப்பரால் அழியுங்கள். ஸ்பிரிட் வாடை முழுக்கப் போய், தகடு நன்றாகக் காய்ந்த பிறகுதான் செல். குழாய்த் தண்ணீரில் காட்டினால் சர்க்யூட் போச்சு. செல் முனையில் கசிவு இருந்தால் அந்தச் செட்டையே மாற்றுங்கள்.

பெட்டி இருந்த தரையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். அந்தத் தண்ணீர் தகட்டில் படவே கூடாது, அரித்துவிடும்.

இன்னொன்று, இதுதான் மிக முக்கியம். எலி விழவில்லை என்று சண்டை போட்டதும் "மருந்து வெச்சிடலாம்" என்று கிளம்பினார்கள். உணவுப் பொருள் இருக்கும் இடத்திலும், ஆள் படுக்கும் அறையிலும் சம்மதிக்காதீர்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் எலி மருந்து வைக்கப்பட்ட பிறகு இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்.

ஒப்பந்தத்தில் இதையெல்லாம் எழுதி வாங்குங்கள்: சர்வீஸ் உங்கள் ஆள் முன்னிலையில் நடக்க வேண்டும், கழற்றிய பழைய செல்லை உங்களிடம் காட்ட வேண்டும், புதுச் செல் மீதே மார்க்கரில் தேதி எழுத வேண்டும். பெருச்சாளிக்கு இந்தப் பெட்டி பத்தாது, அதற்குக் கூண்டுதான். எல்லாவற்றையும் இதுவே பிடிக்கும் என்று விற்பவரிடம் பெட்டியின் வாயை அளந்து காட்டச் சொல்லுங்கள்.