டஸ்கனிக்குக் காரா, ரயிலா? இரண்டு பயணங்களின் கணக்கு

இத்தாலியின் டஸ்கனிக்கு இரண்டு முறை போய்வந்திருக்கிறேன். முதல் முறை நானும் மனைவியும் மட்டும். விமானத்தை விட்டு இறங்கியதும் கார் எடுத்தோம், திரும்ப ஏறும் நாளில்தான் கொடுத்தோம். இரண்டாம் முறை அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர். அதில் பாதி நாள் ரயில், பாதி நாள் கார். "அங்கே போனால் கார் எடுக்கலாமா?" என்று யார் கேட்டாலும் இந்த இரண்டு பயணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். ஊருக்குள் இருக்கிற நாளுக்குக் கார் வேண்டாம். ஊருக்கு வெளியே போகிற நாளுக்குக் கார் இல்லாமல் முடியாது. எட்டு நாளும் ஒரே காரை வைத்துக்கொண்டு திரிந்த முதல் பயணத்தில் காசும் போனது, நிம்மதியும் போனது.

எங்கே ரயில், எங்கே கார்

ஃப்ளாரன்ஸிலிருந்து பீசாவுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். லூக்காவுக்கும் நேரடி ரயில் உண்டு. ரோமுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். காரில் எப்படி ஓட்டினாலும் அதன் இரு மடங்கு. இந்த வழித்தடங்களில் காரை யோசிக்கவே வேண்டாம். பக்கத்து மாநிலமான லிகூரியாவின் சிங்க்வே டேர்ரே கடலோர ஊர்களுக்கும் இதே பதில்தான். லா ஸ்பேட்ஸியாவுக்கும் லெவாந்தோவுக்கும் நடுவே ஓடும் ரயில் ஐந்து ஊர்களிலும் நிற்கிறது, ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சில நிமிடங்கள். காரில் போனால் மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கி, பார்க்கிங் தேடியே அரை நாள் போய்விடும்.

சியெனா இரண்டுக்கும் நடுவில். ரயில் உண்டு, ஆனால் நிலையம் மலைக்குக் கீழே இருக்கிறது. ஃப்ளாரன்ஸிலிருந்து விரைவு பஸ் ஏறினால் பழைய ஊருக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். தனி ஆளாகப் போனால் நான் பஸ்ஸைத்தான் எடுப்பேன்.

கார் ஜெயிக்கிற இடம் சியெனாவுக்குத் தெற்கே தொடங்குகிறது. வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பியென்சாவில் ரயில் நிலையமே கிடையாது. மோந்தெபுல்சியானோவுக்கு இருக்கிற நிலையம் ஊரை விட்டுத் தள்ளிக் கிடக்கிறது. பஸ் உண்டு, ஆனால் அதன் நேரத்துக்கு நம் நாளை வளைக்க வேண்டும். அறுவடை முடிந்த குன்றுகள், ஒற்றைச் சைப்ரஸ் மர வரிசை, அதற்கு மேல் மாலை வெயில் என்று படங்களில் பார்க்கிற டஸ்கனி எல்லாம் இரண்டு ஊருக்கு நடுவேதான் இருக்கிறது, எந்த ஊருக்குள்ளும் இல்லை. "இங்க கொஞ்சம் நிறுத்துப்பா" என்று அம்மா சொன்ன இடத்தில் நிறுத்த முடிந்ததற்கே அந்த வாடகை தகும். ஃப்ளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே கியாந்தி திராட்சைத் தோட்டங்கள் வழியாகப் போகும் 222-ஆம் எண் சாலையும் அப்படித்தான். இரண்டு ஊருக்கும் இடையே சுங்கமில்லாத அகலச் சாலை ஒன்று உண்டு, அதில் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போய்விடலாம். 222-இல் இரண்டு மணி நேரமாவது ஆகும். அவசரமில்லாத நாளில் அதில் போங்கள்.

காரை ஊருக்குள் கொண்டுபோனால்

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், டஸ்கனியில் வாடகைக் கார் எடுப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். இத்தாலியின் பழைய ஊர்கள் பலவற்றில் மையப்பகுதி இசட்.டி.எல். மண்டலம். அதாவது, அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையலாம். வாசலில் தடுப்பு இருக்காது, போலீஸ் நிற்க மாட்டார். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகை ஒன்று, மேலே கேமரா ஒன்று, அவ்வளவுதான். சில இடங்களில் மின்னணுப் பலகையும் உண்டு. அதில் "வார்கோ அத்தீவோ" என்று எரிந்தால் கேமரா வேலை செய்கிறது, நுழையக் கூடாது என்று பொருள். "நோன் அத்தீவோ" என்றால் போகலாம். குழப்பம் இங்கேதான். "அத்தீவோ" என்பதை "வழி திறந்திருக்கிறது" என்று படித்துவிடுகிறோம். நானும் முதல் பயணத்தில் அப்படித்தான் படித்தேன். கூகுள் வரைபடம் நேராகப் போகச் சொன்னது, முன்னால் ஒரு டாக்ஸி போனது, நானும் பின்னாலேயே போனேன். தெருவைத் தவறவிட்டு, சுற்றி வந்து, அதே வாசலில் மறுபடி நுழைந்தேன்.

இரண்டு மாதம் கழித்து கார் நிறுவனம் என் கிரெடிட் கார்டில் பணம் எடுத்த செய்தி வந்தது. அது அபராதம் இல்லை. என் பெயரையும் முகவரியையும் அந்த ஊர் நிர்வாகத்துக்குக் கொடுத்ததற்கான கட்டணம். அபராதக் கடிதம் அதற்கும் சில மாதம் கழித்துத் தபாலில் வந்தது, இரண்டு நுழைவுக்கும் தனித்தனியாக. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த அறிவிப்பை அனுப்ப 360 நாள் வரை சட்டம் அவகாசம் தருகிறது. அதனால் ஊர் திரும்பி ஒன்றும் வரவில்லை என்று உடனே நிம்மதி அடைய முடியாது. தவறு என்னுடையதுதான், கட்டினேன்.

இரண்டாம் பயணத்தில் காரை எந்த ஊரின் மதிலுக்குள்ளும் கொண்டுபோகவில்லை. சியெனாவில் சாந்தா கத்தரீனா பார்க்கிங்கில் விட்டோம். அங்கிருந்து கதீட்ரல் பக்கம் மேலே ஏற நகரும் படிக்கட்டு இருக்கிறது. முழங்கால் வலியோடு வந்த அம்மா மூச்சு வாங்காமல் மேலே போய்விட்டார். ஃப்ளாரன்ஸைக் காரோடு கடக்க நேர்ந்தால் அதற்கும் ஒரு வழி உண்டு. ஏ1 நெடுஞ்சாலையிலிருந்தே நேராக வில்லா கொஸ்தான்ட்ஸா பார்க்கிங்குக்குள் திரும்பலாம். அங்கே காரை விட்டுவிட்டு டி1 டிராமில் ஏறினால் ஊரின் பெரிய ரயில் நிலையம் வந்துவிடும். மண்டலத்துக்குள் இருக்கிற ஹோட்டலில் தங்கியே ஆக வேண்டுமென்றால், வண்டி எண்ணை முன்பே சொல்லி, அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்களா, எந்த வழியில் வர வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்க்கிங் கோடுகளின் நிறம் எளிது. வெள்ளை என்றால் இலவசம், நீலம் என்றால் காசு, மஞ்சள் என்றால் நமக்கில்லை. வெள்ளைக் கோட்டிலும் நேர வரம்பு இருக்கலாம், பலகையைப் பாருங்கள்.

விமான நிலையத்தில் எடுப்பதா, ஊருக்குள் எடுப்பதா

ஊருக்குள் இருக்கிற அலுவலகத்தில் வாடகை கொஞ்சம் குறையும். ஆனால் பல அலுவலகங்கள் மதியம் மூடும், ஞாயிறு அரை நாள்தான் அல்லது திறக்கவே திறக்காது. சாவி வாங்கி வெளியே வந்தால் முதல் திருப்பத்திலேயே இசட்.டி.எல். பயம். பழக்கமில்லாத வண்டியில், பழக்கமில்லாத பக்கத்தில் ஓட்டத் தொடங்குகிற முதல் பத்து நிமிடத்துக்கு அந்தச் சந்துகள் சரிப்படாது. ஃப்ளாரன்ஸ் விமான நிலையத்துக்கு ஊருக்குள்ளிருந்து டி2 டிராம் ஓடுகிறது. மூன்று நாள் ஊரை நடந்தே பார்த்துவிட்டு, நான்காம் நாள் காலை டிராமில் போய்க் காரை எடுத்தோம். கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தாலும் இதுதான் சரி.

கியரா, ஆட்டோமேட்டிக்கா

ஆட்டோமேட்டிக். இத்தாலியில் வாடகைக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி கியர் வண்டிகள், ஆட்டோமேட்டிக்குக்கு வாடகை கூடும், முன்கூட்டியே பதியாவிட்டால் கிடைக்காமலும் போகும். அப்படியிருந்தும் அதையே சொல்கிறேன். நம் ஊரில் இடது கை கியர் போடும். அங்கே ஓட்டுநர் இருக்கை இடது பக்கம், கியர் வலது கையில். முதல் பயணத்தின் முதல் நாள், ஒவ்வொரு முறை கியர் மாற்ற நினைக்கும்போதும் என் இடது கை கதவில் போய் இடித்தது. ரவுண்டானாவில் இடப்பக்கம் வரும் வண்டியைப் பார்த்து, கியரையும் தேடி, பலகையையும் படிப்பது முதல் நாளே பழகிவிடுகிற காரியமில்லை. ரவுண்டானா இல்லாத, பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருகிறவருக்கே முன்னுரிமை என்பதையும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

காப்பீடு: கவுன்டரில் வாங்குவதா, வெளியே வாங்குவதா

வாடகையிலேயே அடிப்படைக் காப்பீடு சேர்ந்திருக்கும். ஆனால் சேதம் என்றால் ஒரு தொகை வரை நம் பொறுப்பு. அதை எக்செஸ் என்பார்கள். என் முதல் ஒப்பந்தத்தில் அது 1,500 யூரோ. அந்தத் தொகையை கிரெடிட் கார்டில் பிடித்து வைத்துவிட்டார்கள். இதை இல்லாமல் செய்ய இரண்டு வழிகள். ஒன்று, கவுன்டரில் நாள் கணக்கில் கட்டணம் கட்டி எக்செஸ்ஸைப் பூஜ்யமாக்குவது. இன்னொன்று, எக்செஸ்ஸை மட்டும் ஈடுகட்டும் காப்பீட்டை வெளி நிறுவனத்தில் முன்பே வாங்கிக்கொள்வது.

முதல் பயணத்தில் வெளியே வாங்கினேன். விலை கவுன்டரில் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சக்கர விளிம்பில் ஒரு கீறல் விழுந்தபோது அதன் நடைமுறை புரிந்தது. கார் நிறுவனம் முதலில் என் கார்டில் பணத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு ரசீது, ஒப்பந்தம், சேத அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிக் கேட்டு வாங்க வேண்டும். பணம் முழுக்க வந்தது, ஆனால் ஆறு வாரம் ஆனது. இரண்டாம் பயணத்தில் கவுன்டரிலேயே எடுத்தேன். பிடித்து வைத்த தொகையும் குறைந்தது, திருப்பிக் கொடுக்கும்போது பேச்சும் இல்லை.

கார்டில் போதுமான வரம்பும், தாள்களைச் சேர்த்து வைக்கிற பொறுமையும் இருந்தால் வெளியே வாங்குங்கள், நிச்சயம் மிச்சம். குடும்பத்தோடு போய் அந்த ஐந்து நாளும் கீறலைப் பற்றி நினைக்காமல் ஓட்ட வேண்டுமென்றால் கவுன்டர். எதை எடுத்தாலும் டயர், கண்ணாடி, அடிப்பாகம் மூன்றும் சேருமா என்று கேளுங்கள். வால் தோர்ச்சாவின் அழகான சாலைகள் பல "ஸ்த்ராதே பியாங்கே" என்கிற வெள்ளைச் சரளைச் சாலைகள். அங்கே கல் தெறிப்பது அடிப்பாகத்தில்தான். வெளியே வாங்குவதானால், இந்தியாவில் வசிப்பவருக்குச் செல்லுமா என்பதையும் முதலில் பாருங்கள். பலர் குறிப்பிட்ட நாடுகளில் வசிப்பவருக்கு மட்டும்தான் தருகிறார்கள்.

பிடித்து வைக்கும் தொகைக்கு ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டைப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் கிளம்புமுன்பே திறந்து வைத்துவிடுங்கள். ரூபாயிலா யூரோவிலா என்று இயந்திரம் கேட்டால் யூரோ.

சிறியவை சில

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்குகிற சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் ஓராண்டு செல்லும். நம் உரிமத்தையும் சேர்த்தே எடுத்துப் போக வேண்டும், ஒன்றில்லாமல் இன்னொன்று செல்லாது.

எரிபொருளில் கவனம். இத்தாலியில் "காசோலியோ" என்று எழுதியிருப்பது டீசல். கேசோலின் என்று நினைத்துப் பெட்ரோல் வண்டியில் ஊற்றிவிடாதீர்கள். பெட்ரோல் "பென்ஸீனா". பெயர் குழப்பினால் வடிவத்தைப் பாருங்கள். 2018 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம் என்று பம்பிலும் புதிய வண்டிகளின் டேங்க் மூடியிலும் ஒட்டியிருக்கும்.

நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியில் மஞ்சள் டெலிபாஸ் வழியில் நுழையாதீர்கள். அது கருவி பொருத்திய வண்டிகளுக்கு. தவறி நுழைந்துவிட்டால் ரிவர்ஸ் மட்டும் எடுக்கக் கூடாது. உதவிப் பொத்தானை அழுத்தினால் ஒரு ரசீது வரும், 15 நாளுக்குள் கட்டலாம். நெடுஞ்சாலை வேக வரம்பு 130, மழை பெய்தால் 110.

காரை எடுக்கும்போதும் விடும்போதும் சுற்றிலும் வீடியோ எடுங்கள். நான்கு சக்கர விளிம்புகள், முன் கண்ணாடி, எரிபொருள் முள், கிலோமீட்டர் எல்லாம் அதில் வர வேண்டும். அலுவலகம் மூடிய பிறகு சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், காலையில் அவர்கள் வந்து பார்க்கிற வரை வண்டி நம் பொறுப்பிலேயே இருக்கும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கிறது. அதனால் இரண்டாம் பயணத்தில் பகல் பதினொரு மணிக்கே பீசா விமான நிலையத்துக்குப் போய்விட்டோம். ஊழியர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பெட்டிகளை இறக்கிக்கொண்டு, பீசாமூவர் என்கிற குட்டி ரயிலில் ஊரின் பெரிய நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து ரோமுக்கு ரயில் ஏறினோம். ஜன்னலோர இருக்கையை அம்மாவுக்குக் கொடுத்தேன். ஐந்து நாள் ரோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நானும் அவர் தோளுக்கு மேலே எட்டி வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.