வேலைவாய்ப்புத் தளத்தின் கட்டணச் சந்தா: 6 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

14 ஆண்டுகள் நான் பணியாற்றிய கொள்முதல் பிரிவை நிறுவனம் ஒரேயடியாக மூடிவிட்டது. இலவசக் கணக்கை வைத்துக்கொண்டு 2 மாதங்கள் வேலை தேடிப் பார்த்த பிறகு, பெரிய வேலைவாய்ப்புத் தளம் ஒன்றின் கட்டணச் சந்தாவை 6 மாதங்களுக்கு எடுத்தேன். தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தன்விவரக் குறிப்பைச் சீரமைத்துத் தருதல், ஒவ்வொரு விளம்பரத்துக்கும் பொருத்த மதிப்பெண், முன்னுரிமை விண்ணப்பம், ஒரு மணி நேர மாதிரி நேர்காணல் ஆகிய நான்கும் அந்தச் சந்தாவில் அடங்கும். இவற்றுள் கொடுத்த பணத்துக்கு முழுமையாக ஈடானது, விளம்பரத்தில் மிகச் சிறிய எழுத்தில் கடைசியாகக் குறிப்பிடப்பட்டிருந்த நேர்காணல் பயிற்சிதான்.

முதலில் தன்விவரக் குறிப்பு. நான் அனுப்பியது செய்தித்தாள் போல அருகருகே இரண்டு பத்திகளாகப் பிரிக்கப்பட்டு, நிழற்படமும் திறன்களைக் காட்டும் வண்ணப் பட்டைகளும் கொண்டு, தொலைபேசி எண் பக்கத்தின் தலைப்பகுதியில் இடம்பெற்ற, பார்வைக்கு அழகான ஒன்று. திரும்பி வந்ததோ ஒரே பத்தியில், படமில்லாமல், பழைய அரசாங்கப் படிவம் போல இருந்தது. எரிச்சலோடு காரணம் கேட்டபோது கிடைத்த விளக்கம் நியாயமாகவே பட்டது. நிறுவனங்கள் பயன்படுத்தும் ஆள்தேர்வு மென்பொருள், கோப்பிலுள்ள எழுத்துகளைப் பிரித்தெடுத்துத் தன் கட்டங்களில் நிரப்பிக்கொள்கிறது. இரண்டு பத்திகள் இருந்தால் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடும், தலைப்பகுதியில் இருப்பதைச் சில மென்பொருள்கள் கண்டுகொள்வதே இல்லை, படத்துக்குள் இருக்கும் எழுத்து பெரும்பாலும் அவற்றின் கண்ணில் படாது. இதை யார் வேண்டுமானாலும் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, முழுவதையும் நகலெடுத்து, வெறும் எழுத்துகளை மட்டும் காட்டும் செயலி ஒன்றில் ஒட்டினால் போதும். என் பழைய குறிப்பை அப்படி ஒட்டியபோது, நான் வேலை செய்த ஆண்டுகள் கல்லூரியின் பெயரோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தன.

வடிவத்தைச் சீர்செய்தவர்கள் உள்ளடக்கத்தைக் கெடுத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். "இலக்கை நோக்கி அயராது உழைக்கும் ஆற்றல்மிக்க தலைமைப் பண்பாளர்" என்று என்னைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் சிரித்தார்கள். யாருடைய பெயருக்குக் கீழும் வெட்டி ஒட்டத்தக்க அந்த வரிகளை நீக்கிவிட்டு, எத்தனை வழங்குநர்களோடு பணியாற்றினேன், பொருள் வந்துசேரும் காலத்தை 21 நாட்களிலிருந்து 13 நாட்களாக எப்படிக் குறைத்தேன் என்பதை நானே எழுதிச் சேர்த்தேன். பின்னர் நேர்காணல்களில் அந்த 13 நாட்களைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

பொருத்த மதிப்பெண்ணை ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். ஒரு விளம்பரத்துக்கு எனக்கு 61 விழுக்காடு வந்தது. "வழங்குநர்களைக் கையாளுதல்" என்று நான் எழுதியிருந்த இடத்தில் விளம்பரத்தில் இருந்த "விற்பனையாளர் மேலாண்மை" என்ற சொல்லை இட்டு, இன்னும் இரண்டு சொற்களை அதேபோல மாற்றியதும் அது 79 ஆனது. ஒரு நிமிடத்துக்குள் நான் புதிதாக எதையும் கற்றுவிடவில்லை. விளம்பரத்தின் சொற்களும் நம் சொற்களும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே அந்த எண் அளக்கிறது. ஆள் தேடுகிறவர்களும் சொற்களை இட்டுத்தான் தேடுகிறார்கள் என்பதால் அதற்கு ஓரளவு பயன் உண்டு. ஆனால் அதை விழுக்காடாகக் காட்டும்போது, வேலை கிடைக்கும் வாய்ப்பே அவ்வளவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அந்த 79-ஐ 90 ஆக்குவதற்காக ஓர் இரவு முழுவதையும் செலவழித்தேன். விண்ணப்பிப்பதற்கான கடைசி நாள் அன்றே முடிந்துவிட்டதை மறுநாள் காலையில்தான் கவனித்தேன்.

முன்னுரிமை விண்ணப்பம் என்பது, நிறுவனம் பார்க்கும் பட்டியலில் நம் பெயருக்கு அருகே ஒரு முத்திரை குத்துவது மட்டுமே. அந்தப் பட்டியலை நிறுவனம் திறந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. 6 மாதங்களில் நான் அனுப்பியவை 118 விண்ணப்பங்கள். அவற்றுள் 23-க்கு மறுப்பு வந்தது, 8-க்கு நேர்காணல் அழைப்பு வந்தது, மற்ற 87-ம் கிணற்றில் போட்ட கல்லாகவே கிடக்கின்றன. அந்த 87-க்கும் நேராக இன்றுவரை "பரிசீலனையில் உள்ளது" என்றே காட்டுகிறது. மறுப்பைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. இந்த மௌனத்தைத்தான் தாங்க முடிவதில்லை, ஏனெனில் காத்திருப்பதா, கைவிடுவதா என்று அது சொல்வதே இல்லை. என் பக்கத்தை இந்த வாரம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தவறாமல் எண்ணிச் சொல்லும் தளம், என் விண்ணப்பம் திறக்கப்பட்டதா என்பதையும், அந்த நிறுவனம் கடைசியாக எப்போது பட்டியலைப் பார்த்தது என்பதையும் சொல்ல முடியாததல்ல. சொன்னால், பாதி விளம்பரங்கள் உயிரற்றவை என்பது வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சமே காரணம் என்பது என் ஊகம். ஒரே விளம்பரம் மூன்று முறை தேதி மட்டும் மாற்றப்பட்டு "புதியது" என்ற அடையாளத்தோடு வந்ததைக் கண்ட பிறகு அந்த ஊகம் வலுத்தது. இந்தச் சேவையின் மிகப் பெரிய குறையாக இதையே கருதுகிறேன்.

தொலைபேசி எண்ணை எல்லோரும் பார்க்கும்படி வைத்தால் அழைப்புகள் கூடும் என்ற ஆலோசனையை ஏற்று அப்படியே செய்தேன். கூடியவை எல்லாம், பதிவுக் கட்டணம் கட்டினால் பணி உறுதி என்று சொன்ன அழைப்புகளே. தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கை, 181-ஆம் எண், கூறுகிறது. அதில் விதிவிலக்குகளுக்கு இடம் உண்டு, ஏற்றுக்கொண்ட நாடுகளை மட்டுமே அது கட்டுப்படுத்தும் என்பதும் உண்மைதான். ஆயினும் வேலை தருகிறேன் என்று சொல்லிப் பணம் கேட்கும் அழைப்பை அந்தக் கணமே துண்டிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

மாதிரி நேர்காணலை நடத்தியவர் ஆள்தேர்வுத் துறையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர். கேமராவைத் திறந்ததும் எந்த முகமனும் இல்லாமல் கேள்விகளைத் தொடங்கிவிட்டார். 20 நிமிடங்கள் கழித்து அவர் சொன்ன முதல் குறை, நான் எல்லாவற்றுக்கும் "நாங்கள் செய்தோம்" என்றே விடை சொல்கிறேன், அதில் என் பங்கு எது என்பது தெரியவில்லை என்பது. பழைய வேலை போன கதையை 4 நிமிடங்கள் சொன்னேன் என்பதையும் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். இரண்டு வாக்கியங்களில் முடிக்கும்வரை விடாமல் திரும்பச் சொல்லவைத்தார். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் இடும் முறையை ஏன் நிறுவனங்கள் விரும்புகின்றன என்பதையும் விளக்கினார். போகிற போக்கில் கேட்கப்படும் நேர்காணலைவிட, இப்படிக் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் ஒருவரின் பணித்திறனை நன்றாக முன்கூட்டிக் காட்டுகிறது என்று உளவியலாளர்கள் ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டியது. அத்தகைய நேர்காணலில் சூழல், என் பொறுப்பு, நான் செய்தது, விளைவு என்ற வரிசையில் பேசினால் மதிப்பெண் இடுபவருக்கும் எளிது. அந்த ஒரு மணி நேரத்துக்கு முன் சென்ற 5 நேர்காணல்களிலும் முதல் சுற்றைத் தாண்டாத நான், அதன் பிறகு சென்ற மூன்றில் இரண்டில் இறுதிச் சுற்றுவரை சென்றேன்.

வேலை கிடைத்ததோ தளத்தின் வழியாக அல்ல. 6 ஆண்டுகளாகப் பேசியிராத பழைய சக ஊழியர் ஒருவர், தம் நிறுவனத்தில் இடம் இருப்பதாகச் சொல்லி என்னை அறிமுகப்படுத்தினார். நெருங்கிய நண்பர்களைவிட இப்படி எப்போதாவது பேசும் அறிமுகங்களே வேலைச் செய்தியை அதிகம் கொண்டுவருகின்றன என்று சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-லேயே எழுதினார். நம் நண்பர்களுக்குத் தெரிந்தவை பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவையே என்பது அவர் காட்டிய காரணம். வேடிக்கை என்னவென்றால், அதே பணிக்கு மூன்றாம் மாதத்தில் தளத்தின் வழியாக நான் விண்ணப்பித்திருந்தேன். அப்போது படிவத்தில், குறிப்பிட்ட மென்பொருள் ஒன்றில் 5 ஆண்டு அனுபவம் உண்டா என்ற கட்டாயக் கேள்வி இருந்தது. 4 ஆண்டுகளே இருந்ததால் உண்மையாக "இல்லை" என்று குறித்தேன். அத்துடன் என் விண்ணப்பம் தானாகவே வடிகட்டப்பட்டுவிட்டது. இப்போதைய மேலாளர், அப்படி ஒரு விண்ணப்பம் தம் கண்ணுக்கே வரவில்லை என்கிறார். தன்விவரக் குறிப்பைச் செதுக்கிச் செதுக்கி நான் கழித்த வாரங்களில், என்னைத் தடுத்தது ஒரேயொரு ஆம்-இல்லை கட்டம் என்பதைத் தளம் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும். நிறுத்தும் பொத்தானைத் தேடிப் பிடிக்க ஐந்து பக்கங்களைக் கடக்க வேண்டியிருந்தது. எடுக்க விரும்புவோர் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, முதல் வாரத்திலேயே மாதிரி நேர்காணலை முடித்துக்கொண்டு, புதுப்பிக்கும் நாளுக்கு முன் நிறுத்திவிடலாம். நான் நிறுத்திய பிறகும் அறிவிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. புதிய பணியில் சேர்ந்து மூன்றாம் வாரம் ஒன்று வந்தது: நான் அமர்ந்திருக்கும் இதே பணியிடத்துக்கு இன்னும் ஆள் தேவை என்றும், அதற்கு என் பொருத்தம் 58 விழுக்காடு என்றும்.